பள்ளி விடுதிக் கதைகளை மறுபடி வாசிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து, பன்னிரண்டு வயதில் ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் மாலரி டவர்ஸ், செயின்ட் கிளேர்ஸ் கதைகளை விழுந்து விழுந்து படித்தவர்கள், பிற்பாடு அவற்றைத் திரும்பத் தேடும்போது கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்தப் பதிப்பை வாங்குவது, எந்த வரிசையில் படிப்பது, பிள்ளைக்குக் கொடுக்கலாமா, அந்த நள்ளிரவு விருந்தில் அவ்வளவு சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பவை அவற்றில் சில. இந்தப் புத்தகங்கள் வெளிவந்த ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டு, வெட்டப்படாத மூலப் பதிப்பில் வாசித்தால் அவை சிறுவயதில் தெரிந்ததைவிட நல்ல புத்தகங்களாகவே தெரியும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நம்பிக்கையில் எழுதியவை.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

மாலரி டவர்ஸ் முதல் புத்தகத்தில். மொத்தம் ஆறு புத்தகங்கள், 1946 முதல் 1951 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தவை. டாரல் ரிவர்ஸ் பன்னிரண்டு வயதில் கார்ன்வால் கடலோரப் பள்ளிக்குள் நுழைவதில் தொடங்கி, பள்ளியை விட்டு வெளியேறுவதில் முடிகிறது. ஒருத்தி வளர்வதைத் தொடர்ந்து பார்க்க முடிவதால், பெரியவர்கள் வாசிப்பதற்கு இதுதான் கட்டுக்கோப்பானது.

செயின்ட் கிளேர்ஸ் அதற்கு முன்னால் வந்தது: 1941 முதல் 1945 வரை ஆறு புத்தகங்கள். பாட், இசபெல் என்ற ஓ'சல்லிவன் இரட்டையர் கதை என்று பெயர் இருந்தாலும், மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு இரட்டையர் பின்னால் போய்விடுகிறார்கள். சர்க்கஸிலிருந்து வந்த கார்லோட்டா, பிரெஞ்சுப் பெண் கிளாடின் இருவரும்தான் கதையைத் தூக்கி நிறுத்துகிறார்கள். சிரிப்பு வேண்டுமென்றால் இதை எடுங்கள்.

எலிசபெத் ஆலன் வருகிற 'நாட்டியஸ்ட் கேர்ள்' வரிசை 1940, 1942, 1945 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று நாவல்கள். வைட்லீஃப் என்ற அந்தப் பள்ளியில் ஆண், பெண் இருபாலரும் படிக்கிறார்கள். வாரந்தோறும் கூட்டம் போட்டுப் பிள்ளைகளே தண்டனையும் சலுகையும் முடிவு செய்கிறார்கள். வீட்டிலிருந்து வரும் பணம் எல்லாம் பொதுப் பெட்டிக்குப் போய், ஆளுக்கு வாரம் இரண்டு ஷில்லிங் திரும்பி வருகிறது. மூன்று வரிசைகளிலும் துணிச்சலான யோசனை இதில்தான் இருக்கிறது. கல்வியாளர் ஏ. எஸ். நீல் 1921-இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளியின் வாரக் கூட்டங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடுவிலிருந்து படித்தால் என்ன குறைந்துவிடும்?

செயின்ட் கிளேர்ஸில் அதிகம் குறையாது. மாலரி டவர்ஸில் குறையும். நான்காம் புத்தகத்தில் டாரலின் தங்கை ஃபெலிசிட்டி பள்ளிக்கு வருகிறாள். டாரலின் வகுப்புத்தோழி அலிசியாவின் உறவுக்காரி ஜூன் அவளைத் தன் பக்கம் இழுக்கும்போது டாரலுக்கு வரும் கோபத்தின் கனம், முதல் புத்தகத்தில் இதே டாரல் அலிசியாவுக்குப் பின்னால் அலைந்ததைப் படித்தவருக்குத்தான் புரியும். வாடகை நூலகத்தில் கிடைத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் படித்து முடித்தவர்கள், இம்முறை ஒன்று முதல் ஆறு வரை நேராகப் படித்துப் பாருங்கள்.

ஃபார்ம் என்றால் எந்த வகுப்பு? டெர்ம் எத்தனை?

தமிழ்நாட்டில் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முறையில் படித்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சென்னை மாகாணப் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்புதான் முதலாம் ஃபார்ம், பதினொன்றாம் வகுப்பு ஆறாம் ஃபார்ம். இங்கிலாந்திலும் கணக்கு ஏறக்குறைய அதுதான். ஆனால் அங்கே நான்காம் ஃபார்மைக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அதனால்தான் டாரலின் நான்காம் புத்தகத்தின் பெயரில் மேல் நான்காம் ஃபார்ம் வருகிறது. அந்த ஆண்டில் அவர்கள் எழுதுவது ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் என்ற பொதுத்தேர்வு. அலிசியாவுக்குத் தட்டம்மை வந்து தேர்வு கெட்டுப்போவது அங்கேதான். 1951-இல் அந்தத் தேர்வு முறையே எடுக்கப்பட்டு வேறு தேர்வு வந்தது. ஆக, இந்த வரிசை முடிந்தபோது அதில் சொல்லப்பட்ட தேர்வும் முடிந்துபோயிருந்தது.

டெர்ம் மூன்று. செப்டம்பரில் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை ஒன்று, ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை ஒன்று, அதன்பின் ஜூலை வரை கோடை டெர்ம். பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கினாலும் டாரல் முதலில் வருவது கோடை டெர்முக்கு. கடல் பாறையைக் குடைந்து செய்த நீச்சல் குளம் முதல் புத்தகத்திலேயே அவ்வளவு இடம் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

லாக்ராஸ் எப்படி ஆடுவது? ஹாக்கி மாதிரியா?

இல்லை. ஹாக்கியில் பந்து தரையில் ஓடும், லாக்ராஸில் காற்றில் போகும். மட்டையின் நுனியில் ஒரு சின்ன வலைப்பை இருக்கும். பந்தை அதில் பிடித்து, வைத்துக்கொண்டே ஓடி, அதிலிருந்தே வீச வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் அப்போது ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். ஓடும்போது பந்து வலையிலிருந்து தெறித்து விழாமலிருக்க மட்டையை முகத்தருகே இடவலமாக ஆட்டிக்கொண்டே போக வேண்டும். தொட்டில் ஆட்டுவது என்றுதான் அந்த அசைவை அவர்கள் சொல்வார்கள். அந்த அசைவு கையில் படிந்தால்தான் ஆட்டம் வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் டெர்ம் முழுக்கப் பந்தைக் கீழே போடுவதும் அதனால்தான். பெண்கள் லாக்ராஸில் அந்தக் காலத்தில் எல்லைக்கோடே கிடையாது. டாரல் அணிக்குள் நுழையப் படும் பாடு இதெல்லாம் தெரிந்தால்தான் உறைக்கும்.

ஏன் இவ்வளவு சாப்பாடு?

ஆண்டுகளைப் பாருங்கள். பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலையில்தான் முழுவதும் முடிந்தது. செயின்ட் கிளேர்ஸின் ஆறு புத்தகங்களும் மாலரி டவர்ஸின் ஆறு புத்தகங்களும் இந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள் வந்தவை. மிட்டாயும் சாக்லெட்டும் 1942 ஜூலையில் பங்கீட்டுக்குள் வந்தன. 1949-இல் சில மாதங்கள் விலக்கிப் பார்த்தார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியாக விலகியது 1953 பிப்ரவரியில். போர் நடந்தபோதுகூடத் தாராளமாக விற்ற ரொட்டிக்கு, போர் முடிந்த பிறகு 1946 முதல் 1948 வரை பங்கீடு இருந்தது. அந்தப் பங்கீடு தொடங்கிய 1946-தான் முதல் மாலரி டவர்ஸ் வந்த ஆண்டு.

இதைத் தெரிந்துகொண்டு இரண்டாவது செயின்ட் கிளேர்ஸ் கதையில் பெண்கள் நள்ளிரவில் சாசேஜ் வறுக்கும் இடத்தைப் படியுங்கள். புத்தகம் 1942-இல் வந்தது. கொழுப்பும் இறைச்சியும் அட்டைக்கு அளந்து கிடைத்த காலம். வாசித்த பிள்ளைக்கு அந்தச் சட்டியின் சத்தமும் மணமும் எவ்வளவு தொலைவில் இருந்திருக்கும்! கேக், டின் அன்னாசி, மத்தி மீன், சுண்டக் காய்ச்சிய டின் பால் என்று அடுக்கிக்கொண்டே போவது சோம்பேறித்தனமான எழுத்து என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பசியில் இருக்கும் வாசகரை அறிந்து எழுதியவர் பிளைட்டன். கதைக்குள் போரைப் பற்றிப் பேச்சே இல்லை. போர் இருப்பது தெரிவது இந்தச் சாப்பாட்டுப் பட்டியல்களில்தான்.

இஞ்சி பியர் என்பது மதுவா? வீட்டில் செய்யலாமா?

மதுக்கடைப் பொருள் அல்ல. இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த நுரைபானம். வீட்டில் செய்ததில் மிகச் சிறிதளவு ஆல்கஹால் சேரும். கடையில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் புளிக்காத சோடா வகைதான். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு எலிஃபன்ட் ஹவுஸ் இஞ்சி பியர் போத்தலைத் தெரிந்திருக்கும், இது அந்த இனம்தான்.

பிள்ளைகளுக்குச் செய்யப் புளிக்காத முறையே நல்லது. 100 கிராம் இஞ்சியைக் கழுவித் துருவி, 200 கிராம் சர்க்கரை, 300 மில்லி தண்ணீருடன் சிறு தீயில் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடி அரைமணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும், அதைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் பானம் கலங்கலாகிவிடும். நன்றாக ஆறியபின் ஒரு பெரிய எலுமிச்சையின் சாற்றைச் சேருங்கள். சூட்டில் சேர்த்தால் சாற்றின் மணம் போய்விடும். 200 மில்லி குளிர்ந்த சோடாவுக்கு மூன்று மேசைக்கரண்டி பாகு போதும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.

ஈஸ்ட் போட்டுத்தான் செய்வேன் என்றால் கண்ணாடிப் பாட்டில் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள். விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும்போது குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.

இப்போது விற்கும் பதிப்புகளில் வாசகங்களை மாற்றியிருக்கிறார்களா?

பல பதிப்புகளில் மாற்றியிருக்கிறார்கள், அளவு பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். பணம், ஆடை, தண்டனை, சில வசவுச் சொற்கள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கைவைப்பார்கள். பிளைட்டனின் இன்னொரு வரிசையான ஃபேமஸ் ஃபைவ் கதைகளின் மொழியை 2010-இல் ஹாட்டர் பதிப்பகம் நவீனப்படுத்தியது. வாசகர்கள் ஏற்காததால் 2016-இல் பழைய வாசகத்துக்கே திரும்பியது. வாசகர்கள் கேட்டால் மாறும் என்பதற்கு அது நல்ல சான்று.

கடையில் நின்றபடியே சோதிக்க இரண்டு இடங்கள் உண்டு. மாலரி டவர்ஸ் முதல் புத்தகத்தில் நீச்சல் குளக் காட்சியைத் திறங்கள். பயந்தாங்கொள்ளி மேரி லூவை க்வென்டலின் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறாள். ஆத்திரத்தில் டாரல் அவளைப் பளார் என்று அறைகிறாள். அங்கே அறை இல்லாவிட்டால் உங்கள் கையில் இருப்பது திருத்திய பதிப்பு. இரண்டாவது, எலிசபெத்தின் பொதுப் பெட்டி. அதில் ஷில்லிங்குக்குப் பதில் பவுண்டு வந்திருந்தாலும் அப்படியே.

அறையை எடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த வரிசையின் முதுகெலும்பே டாரலின் முன்கோபம். நல்ல காரணத்துக்காகக் கை ஓங்கியவளும் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டாக வேண்டியிருக்கிறது. பிறகு வகுப்புத்தோழி சாலியைத் தள்ளிவிடுகிறாள். சாலிக்குக் குடல்வால் அழற்சி வந்து படுத்ததும் தன்னால்தான் வந்தது என்று இரவெல்லாம் உள்ளுக்குள் வேகிறாள். அடி மெலிந்தால் அந்தக் குற்ற உணர்ச்சியும் மெலிந்துவிடுகிறது. திருத்திய பதிப்பை வாங்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பழைய பிரதி வேண்டுமென்றால் முதல் பதிப்பாளரான மெத்தூயனின் கெட்டி அட்டைப் பதிப்போ, பிற்பாடு வந்த டிராகன் சிற்றேடுகளோ (மெல்லிய அட்டைப் பதிப்புகள்) தேடுங்கள். பின்னட்டையில் விலை ஷில்லிங், பென்ஸில் அச்சாகியிருந்தால் அது 1971 பிப்ரவரி 15-க்கு முந்தைய பிரதி. அன்றுதான் பிரிட்டன் தசமப் பணத்துக்கு மாறியது. கதைக்குள் வரும் கணக்குக்கு: பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு, அரை கிரவுன் என்பது இரண்டரை ஷில்லிங்.

இப்போது படித்தால் எது உறுத்தும்?

முதலில் வெளிநாட்டவரை வரைந்திருக்கும் விதம். பிரெஞ்சுக்காரர் என்றால் அழுது புரண்டு கைகளை ஆட்டுபவர், அமெரிக்கப் பெண் செரெல்டா என்றால் உதட்டுச் சாயமும் சினிமா கனவும். கிளாடின் மட்டும் இதிலிருந்து தப்பிக்கிறாள். ஆங்கிலேயரின் கௌரவ விதிகளை வெளியிலிருந்து பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும் அறிவு அவளுக்கு உண்டு.

அடுத்தது வர்க்கம். மாலரி டவர்ஸ் ஆறாம் புத்தகத்தில் ஜோ ஜோன்ஸ் பள்ளியை விட்டு வெளியேற்றப்படுகிறாள். புதுப் பணக்காரத் தகப்பன், சத்தமான பேச்சு, வாரி இறைக்கும் கை, இவையெல்லாம் அவள் செய்த தப்புகளோடு ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. தேர்வில் உதவித்தொகை பெற்று வந்த எலன், படித்துப் படித்தே நோயில் விழுகிறாள். பணம் இல்லாதவள் கூடுதலாக ஓட வேண்டியிருப்பதை ஆசிரியர் பார்த்திருக்கிறார். ஆனால் அதற்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை.

மிகவும் உறுத்துவது க்வென்டலின். செல்லம் கொடுத்துக் கெடுத்த தாயும் பழைய ஆசிரியையும் வளர்த்த பிள்ளை. ஆறு ஆண்டுகளில் ஒரு தோழிகூட அவளுக்கு நிலைப்பதில்லை. கடைசியில் தகப்பன் நோய்வாய்ப்படும்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் கிடைக்கிறது. சிறுவயதில் அவள் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் கைதட்டியவர்கள், இப்போது அந்தப் பக்கங்களை மெதுவாகப் படித்துப் பார்க்கலாம். அவள் மாற முயலும் இடங்களும் இருக்கின்றன. வகுப்பு அதை நம்பவே மறுக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஆறாம் புத்தகத்தின் முடிவு அபாரமானது. டாரல், சாலி, அலிசியா, பெட்டி நால்வரும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் போகிறார்கள். ஐரீன் இசை படிக்கிறாள், பெலிண்டா ஓவியம். மேரி லூ செவிலி ஆகப் போகிறாள். பில்லும் கிளாரிசாவும் சேர்ந்து குதிரையேற்றப் பள்ளி தொடங்கப் போகிறார்கள். 1951-இல் வந்த பெண் பிள்ளைகள் கதையில் ஒருத்திக்கும் கல்யாணப் பேச்சு இல்லை, எல்லாருக்கும் ஒரு வேலையோ படிப்போ காத்திருக்கிறது.

பிளைட்டனைத் தாண்டி என்ன படிக்கலாம்?

இந்த வகைக் கதையைப் பிரபலமாக்கியவர் ஆஞ்சலா பிரேசில். 1906-இல் தொடங்கி ஏறக்குறைய ஐம்பது புத்தகங்கள் எழுதினார். அவருக்கும் வெகு முன்பே, 1749-இல், சாரா ஃபீல்டிங் ஒரு சின்னப் பெண்கள் பள்ளியை வைத்துக் கதை எழுதிவிட்டார். ஃபிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் 'எ லிட்டில் பிரின்சஸ்' (1905) பலரும் படித்தது. இந்தியாவில் வளர்ந்து லண்டன் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சாரா, தகப்பன் இறந்து பணமும் போனதும் மொட்டைமாடி அறைக்கு வேலைக்காரியாகத் தள்ளப்படுகிறாள். பள்ளி என்பது கட்டணத்தில் நடக்கும் வியாபாரம் என்று பச்சையாகச் சொன்ன கதை அது.

இருவரை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் எலினோர் பிரென்ட்-டையர். அவருடைய சாலே பள்ளி வரிசை 1925-இல் தொடங்கி, 1969-இல் அவர் இறந்த மறு ஆண்டு வரை வந்தது. ஆஸ்திரியாவின் ஆக்கென் ஏரிக்கரையை மாதிரியாக வைத்துப் படைத்த பள்ளி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று நாளுக்கு ஒரு மொழி பேச வேண்டும். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டதும் கதையில் பள்ளியே நாட்டை விட்டு ஓடுகிறது. அந்தப் புத்தகம் 1940-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. யூத நகைக்கடைக்காரரைத் தெருவில் கூட்டம் தாக்குவதும், மாணவிகள் குறுக்கே புகுவதும் அதில் வருகிறது. பெண் பிள்ளைகளுக்கான பள்ளிக் கதையில் வேறு எவரும் அந்த நேரத்தில் இவ்வளவு தூரம் போகவில்லை என்றே படுகிறது. ஓர் எச்சரிக்கை: 1967 முதல் வந்த ஆர்மடா சிற்றேடுகள் பல இடங்களில் வெட்டிச் சுருக்கப்பட்டவை. முழு வாசகத்துக்கு கேர்ள்ஸ் கான் பை பதிப்பகத்தின் மறுபதிப்புகளைப் பாருங்கள்.

இன்னொருவர் அன்டோனியா ஃபாரஸ்ட். 1948, 1959, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் நான்கே பள்ளிக் கதைகள். முதல் கதையின் தொடக்கத்திலேயே ரயில் ஜன்னலிலிருந்து விழுந்த கத்திக்காக நிக்கோலா அபாயச் சங்கிலியை இழுத்துவிடுகிறாள். பிளைட்டனின் பள்ளியில் நியாயம் கடைசியில் வென்றுவிடும். இவருடைய கிங்ஸ்கோட் பள்ளியில் ஆசிரியர்கள் தவறாக முடிவெடுப்பார்கள், அது திருத்தப்படாமலே போகும். பெரியவராக இப்போது புதிதாய்ப் படிக்க இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

பின்னால் வேறு ஆட்கள் எழுதிய தொடர்ச்சிகள்?

பமேலா காக்ஸ் செயின்ட் கிளேர்ஸுக்கு மூன்றும், ஃபெலிசிட்டியை வைத்து மாலரி டவர்ஸுக்கு ஆறும் எழுதினார். பிள்ளைகள் ரசிப்பார்கள். பங்கீட்டுக் காலத்து ஏக்கம் அவற்றில் இருக்க வழியில்லை. ஜெர்மனியில் இரட்டையர் ஹன்னி, நன்னி என்ற பெயரில் வாழ்கிறார்கள், அங்குள்ள எழுத்தாளர்கள் வரிசையை வெகுதூரம் நீட்டிவிட்டார்கள். ஜப்பானில் 1991-இல் செயின்ட் கிளேர்ஸ் 26 பகுதிகள் கொண்ட அனிமே ஆனது. மாலரி டவர்ஸ் பிபிசி தொடர் 2020-இல் தொடங்கியது.

எந்த வயதில் பிள்ளைக்குக் கொடுக்கலாம்?

ஆங்கிலம் தானாகப் படிக்கிற பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதில். முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மேட்ரன் என்கிற விடுதிக் காப்பாளர், சான் என்கிற நோயறை, பிரெப் என்கிற மாலைப் படிப்பு நேரம் எல்லாம் அங்கேயே அறிமுகமாகிவிடும். பிள்ளை கதையை விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தச் சொற்களில் இடறித்தான். ஒருத்தியோடு வகுப்பே பேசாமல் இருக்கும் தண்டனை வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, உங்கள் வகுப்பில் இப்படி நடக்குமா என்று கேளுங்கள். மற்ற இடங்களில் குறுக்கிடாதீர்கள்.

இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்குமா?

பர்னெட் 1924-இலும் பிரேசில் 1947-இலும் இறந்தவர்கள். அவர்களுடைய புத்தகங்களில் பலவற்றை ப்ராஜெக்ட் குட்டன்பர்க்கில் எடுக்கலாம். பிளைட்டன் இறந்தது 1968 நவம்பரில். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் என்பதால் 2028 முடியும் வரை காப்புரிமை உண்டு. பிரிட்டனிலும் இலங்கையிலும் எழுபது ஆண்டுகள், ஆகவே 2038 முடியும் வரை. அதுவரை இலவசப் பிடிஎஃப் என்று கிடைப்பவை திருட்டுப் பிரதிகள்தான். அவற்றில் பக்கங்கள் விட்டுப்போவதும் எழுத்துகள் சிதைவதும் சகஜம்.

பழைய பிரதியை எப்படிப் பாதுகாப்பது?

வாங்கியதும் அலமாரியில் வைக்காதீர்கள், பூச்சி மற்றவற்றுக்கும் பரவும். ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் வெளியில் இருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படிந்து பூஞ்சை வரும். பழைய வாடை போக, ஒரு மூடிய டப்பாவில் சமையல் சோடா வைத்த கிண்ணத்தோடு ஒரு வாரம் விடுங்கள், சோடா தாளில் படக்கூடாது.

டிராகன் போன்ற சிற்றேடுகளில் முதுகுப் பசை காய்ந்து நொறுங்கியிருக்கும். முழுக்க விரித்தால் பக்கங்கள் கொத்தாகக் கழன்று வரும், பாதி திறந்தே படியுங்கள். கழன்ற பக்கத்தை செலோடேப்பால் ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுப்புக் கறை விழுந்து எழுத்தே மறையும். வெள்ளைப் பசையை மெல்லிய தூரிகையால் பக்கத்தின் உள்விளிம்பில் மட்டும் ஒரு கோடாகத் தடவி, மெழுகுத்தாளை இருபுறமும் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.